ஒரே ரிவால்வர், இருபது வருடப் பழக்கம்

ஆயுசுக்கும் வைத்துக்கொள்ள ஒரே ஒரு ரிவால்வர் என்றால் எதை எடுப்பது? இருபது வருடத்துக்கு முன்பு நான் எடுத்தது ஸ்மித் அண்ட் வெஸன் 686. .357 மேக்னம், 4 அங்குல பேரல், ஆறு தோட்டா, முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இன்றைக்கு மறுபடி வாங்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன்.

காரணம் துப்பாக்கியை விட அதன் தோட்டாதான். .357 மேக்னம் 1935-இல் வந்தது. பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் உலோக உறையை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீட்டித்தான் அதைச் செய்தார்கள். அதனால் மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷலும் சுடலாம். ஸ்பெஷல் ரிவால்வரில் மட்டும் மேக்னம் போடக் கூடாது, அந்த அழுத்தத்தை அது தாங்காது. நான் சுட்டதில் பத்துக்கு ஒன்பது ஸ்பெஷல்தான். உதைப்பு குறைவு, கை சலிப்பதில்லை, அதனால் அடுத்த வாரமும் பயிற்சிக்குப் போகத் தோன்றும்.

எடை ஒரு கிலோவுக்கு மேல். இடுப்பில் நாள் முழுக்க வைத்திருப்பவருக்கு இது பாரம்தான். ஆனால் மேக்னம் சுடும்போது அந்த எடைதான் உதைப்பை வாங்கிக்கொள்கிறது. இலேசான குட்டி ரிவால்வரில் மேக்னம் சுட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது தோட்டாவுக்கே விரல் தயங்கியது.

ஐந்தாவது வருடம் ஒரு நாள், தோட்டாக்களைப் போடும் சுழல் உருளையான சிலிண்டர் இறுகிக்கொண்டது. ட்ரிகரை இழுத்தால் பாதியிலேயே நின்றது. உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். திறந்து வெளிச்சத்தில் பார்த்தால், காலி உறைகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் மூன்று! கடுகளவுகூட இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டிவிட்டதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து பேரலை வானத்தைப் பார்க்கப் பிடித்துத்தான் காலி உறைகளைத் தள்ளுகிறேன். துகளும் கூடவே கீழே கொட்டிவிடும்.

இன்னொன்று: ஸ்பெஷல் நிறைய சுட்டால் சிலிண்டர் அறைகளுக்குள் கரி வளையம் கட்டும். அப்புறம் நீளமான மேக்னம் உறை முழுதாக உள்ளே இறங்காது. பித்தளை பிரஷ், கரைப்பான், கொஞ்சம் பொறுமை போதும்.

சினிமாவில் வருவது போல மணிக்கட்டை உதறி சிலிண்டரை மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும், வளைந்தால் சிலிண்டர் நேராக நிற்காது. கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளி மூடுங்கள். சுடும்போது சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடுக்கின் பக்கம் விரல் போகவே கூடாது; சூடான வாயு அங்கேதான் பீறிட்டு வரும்.

பழையது வாங்குகிறீர்களா? முதலில் காலியா என்று ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். அப்புறம் துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியலை மெதுவாக இழுத்து, அது நிற்பதற்குள் சிலிண்டர் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைக்கும் பாருங்கள். திருகுகளின் தலை சிதைந்திருந்தால், தெரியாத கை உள்ளே போயிருக்கிறது. நான் அப்படி ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.