டோஃபுவும் கடலைச் சாஸும்: ஊற்றி பேக் செய்வதா, பேக் செய்து ஊற்றுவதா?

டோஃபு எனும் சோயா பன்னீர்த் துண்டுகளை நிலக்கடலைச் சாஸில் பிரட்டி, ட்ரேயில் பரப்பி, அப்படியே ஓவனுக்குள் வைப்பது ஒரு வழி. டோஃபுவைத் தனியாக பேக் செய்துவிட்டுச் சாஸைக் கடைசியில் சேர்ப்பது இன்னொரு வழி. பாத்திரம் மிச்சம் என்பதால் முதல் வழிக்குத்தான் ஈர்ப்பு அதிகம். இரண்டுக்கும் பொருள்கள் ஒன்றே, நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே. தட்டுக்கு வரும் பண்டம் மட்டும் முற்றிலும் வேறு.

முதல் வழியில் நடப்பதைப் பாருங்கள். கெட்டி டோஃபுவிலேயே எடையில் 70 முதல் 85 சதவீதம் தண்ணீர்; சாஸிலும் தண்ணீர் தாராளம். ஓவன் 200 டிகிரியில் இருந்தாலும், துண்டின் மேல் ஈரம் இருக்கிற வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. டோஃபு நன்றாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே சாஸ் போர்த்திய துண்டு வேகுமே தவிர சிவக்காது. ஓரங்களில் வழிந்து மெல்லிசாகப் பரவிய சாஸோ சீக்கிரம் வற்றி, அதிலுள்ள வெல்லமும் கடலையும் கருகிவிடும். ட்ரேயை வெளியே எடுத்தால் சுற்றிலும் கறுப்புப் பொருக்கு, நடுவில் வெளுத்துத் தொளதொளத்த டோஃபு. கடலை கருகிய கசப்பை எலுமிச்சையும் மறைக்காது, வெல்லமும் மறைக்காது.

அதற்காக முதல் வழியே தவறு என்று ஒதுக்கிவிட வேண்டாம். சோற்றில் பிசைந்து சாப்பிடக் குழம்புபோல மெத்தென்று வேண்டுமென்றால் அதுதான் சரி. ஆனால் சாஸை ஒரு கப் தேங்காய்ப்பாலில் இளக்கி, பாத்திரத்தை ஃபாயில் போட்டு மூடி, 180 டிகிரியில் 25 நிமிடம் வைக்க வேண்டும். மூடாமல் வைத்தால்தான் மேலே சொன்ன கதி.

மொறுமொறுப்பு வேண்டுவோருக்கு இரண்டாம் வழி. அதிலும் ஒரு குறை உண்டு: சாஸ் மேலே ஒட்டாமல் தனியாக நிற்கும், பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பும் போய்விடும். இரண்டுக்கும் நடுவே உள்ள வழிதான் எங்கள் தேர்வு. டோஃபுவைச் சாஸ் இல்லாமல் 25 நிமிடம் பேக் செய்து, பாதிச் சாஸில் பிரட்டி, மறுபடி 4 அல்லது 5 நிமிடம் மட்டும் ஓவனில் வைப்பது. சாஸ் துண்டோடு ஒட்டிப் பளபளக்கும். கருக நேரம் இருக்காது. மீதிச் சாஸ் தொட்டுக்கொள்ள.

தண்ணீரை எடுக்கும் மூன்று வழிகள்

இந்தியக் கடைகளில் ‘சோயா பன்னீர்’ என்று 200 கிராம் பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் கெட்டி டோஃபு, அது போதும். சிங்கப்பூர், மலேசியாவில் தௌக்வா என்று கேட்டு வாங்குவது ஏற்கெனவே அழுத்திய வகை, இன்னும் வசதி. சில்கன் எனும் மிக மெத்தென்ற டோஃபு இதற்கு ஆகாது, திருப்பும்போதே உடைந்துவிடும்.

பலரும் செய்வது அழுத்துவது. பருத்தித் துணியில் சுற்றி, மேலே ஒன்றரைக் கிலோ எடை, அரை மணி நேரம். எடை தட்டையாக உட்கார வேண்டும். இரும்புத் தோசைக்கல் பொருத்தமாக இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் கட்டி விரிசல் விடும்.

இரண்டாவது, உப்புக் கொதிநீர். 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேஜைக்கரண்டி உப்பு கரைத்து மேலே ஊற்றி, 15 நிமிடம் வைத்து வடிக்க வேண்டும். தண்ணீரை எடுக்கத் தண்ணீரிலேயே போடுவதா என்று தோன்றும். சூடு பட்டதும் மேற்பரப்பின் புரதம் சுருங்கி உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளுகிறது. வடித்த துண்டு சூடாக இருப்பதால் துணியில் ஒற்றியதும் ஆவி பறந்து சட்டென்று உலர்கிறது. உப்பும் உள்ளே கொஞ்சம் இறங்கும். அன்றாடச் சமையலுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

மூன்றாவது, ஃப்ரீசரில் ஓர் இரவு. நீர் பனிக்கட்டியாகும்போது பருமன் 9 சதவீதம் கூடும். அந்த அழுத்தத்தில் டோஃபுவுக்குள் துளைகள் விழும். உறைந்த கட்டி மஞ்சளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், உருகியதும் வெளுத்துவிடும். கையால் பிழிந்தால் ஸ்பஞ்சைப் பிழிந்ததுபோலத் தண்ணீர் கொட்டும். மெல்லுவதற்கு இறைச்சிபோல இருக்கும். ஆனால் அது சாஸை நிறையக் குடித்துவிடும் என்பதால் சோயா சாஸை மூன்றில் ஒரு பங்கு குறைக்காவிட்டால் உப்பு கரிக்கும்.

ஓவன், ஏர் ஃப்ரையர், தோசைக்கல்

400 கிராம் டோஃபுவுக்கு ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸ், ஒன்றரை மேஜைக்கரண்டி மாவு, ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய். இதே வரிசையில் பிரட்டுங்கள். எண்ணெய் படாத மாவு கடைசிவரை வெள்ளைத் திட்டாகவே நிற்கும். சோளமாவு மட்டும் போட்டால் மெல்லிய மொறுமொறுப்பு, சாஸ் பட்டதும் அடங்கிவிடும். அரிசிமாவு கொஞ்சம் கடினம், ஆனால் தாங்கும். இரண்டும் பாதிப் பாதி நல்லது.

ஓவன் அல்லது ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சிறு மின் ஓவன்): 200 டிகிரி, 10 முதல் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு, நடுத்தட்டில் வையுங்கள். 12 நிமிடத்தில் திருப்பி, இன்னும் 12 நிமிடம். துண்டுகளுக்கு நடுவே விரல் அகலம் இடைவெளி விடாவிட்டால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று வெந்துவிடும். பதம் தெரிய ஒரு துண்டை ட்ரேயில் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்று கேட்டால் தயார்.

ஏர் ஃப்ரையரில் 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் இருமுறை குலுக்கினால் போதும். ஓவனைவிட மொறுமொறுப்பு ஒரு படி மேல். சின்னக் கூடையில் ஒரே அடுக்காக 200 கிராம்தான் கொள்ளும்; நான்கு பேருக்கு இரண்டு முறை போட வேண்டும். சாஸ் கீழே ஒழுகிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கடைசிப் பிரட்டலைச் சூடான வாணலியில் செய்யலாம். ஒருவர் இருவருக்கு ஏர் ஃப்ரையர், அதற்கு மேல் ஓவன்.

தோசைக்கல்லில் நிறம் அருமையாக வரும். ஆனால் எண்ணெய் மூன்று மடங்கு, பக்கத்திலேயே நிற்கவும் வேண்டும். கன்வெக்ஷன் (சூடான காற்றைச் சுழற்றும் வசதி) இல்லாத மைக்ரோவேவ் இந்தப் போட்டியிலேயே இல்லை, அது சிவக்க வைக்காது.

வறுத்து அரைப்பதா, பாட்டிலா?

இந்தச் சாஸின் பூர்வீகம் இந்தோனேசிய, மலாய்ச் சமையல். காடோ காடோ எனும் காய்கறிக் கலவைக்கு அரைப்பதில் கடலையோடு மிளகாய், பனைவெல்லம், புளி எல்லாம் உண்டு. கடலைக்கு இலங்கைத் தமிழில் ‘கச்சான்’ என்ற பெயரே மலாயின் ‘கச்சாங்’கோடு ஒட்டியதுதான். ஆகவே வினிகர், சீனியைவிட நம் வீட்டுப் புளியும் வெல்லமும் இதற்கு நெருக்கம்.

வறுத்து அரைப்பதே மணத்தில் வெல்லும். 100 கிராம் பச்சைக் கடலையைச் சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் வறுத்து, தோல் நீக்கி, நன்றாக ஆறவிடுங்கள். முதலில் தண்ணீர் சேர்க்காமல், மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி அரைத்து, எண்ணெய் கசிந்து விழுதானபிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்: ஊறவைத்த 4 மிளகாய் வற்றல், 2 பல் பூண்டு, அரை அங்குல இஞ்சி, சிறு நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், 2 தேக்கரண்டி வெல்லம், ஒன்றரை மேஜைக்கரண்டி சோயா சாஸ். அவசரப்பட்டுத் தண்ணீரை முதலிலேயே ஊற்றினால் கிடைப்பது சட்னிதான், சாஸ் அல்ல. பூஞ்சை வாடை அடிக்கும், சுருங்கிக் கறுத்த கடலைகளைப் பொறுக்கி எறியுங்கள். அதில் இருக்கக்கூடிய அஃப்ளாடாக்சின் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பாட்டில் பீனட் பட்டர் 80 கிராம் என்றால் ஐந்தே நிமிடம். சீனி சேர்த்த வகையென்றால் வெல்லத்தை விட்டுவிடலாம். இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டதும் சாஸ் இளகாமல் இறுகி, களிமண்போலத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். கெட்டுவிட்டது என்று நினைத்து எண்ணெய் ஊற்றாதீர்கள். வெந்நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே இருந்தால், 100 மில்லியை நெருங்கும்போது நிறம் வெளுத்துப் பட்டுப்போல இளகும். எள் மணத்துக்கு நல்லெண்ணெய் விடுவோர் கவனிக்க: சீனச் சமையலின் கருத்த எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, மணம் பல மடங்கு, அது அரைத் தேக்கரண்டி போதும்.

மிஞ்சினால் சாஸையும் டோஃபுவையும் தனித்தனியாக ஃப்ரிஜ்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். சாஸ் இறுகியிருக்கும், இரண்டு கரண்டி வெந்நீர் விட்டால் பழையபடி வரும். டோஃபுவை மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பர்தான். காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போட்டு எடுங்கள்.