ஷீட் கூரையில் டர்போ வென்டிலேட்டர்: ஏழு வருஷ அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், எங்கள் வீட்டு மாடியில் தகர ஷீட் போட்ட அறையில்தான் என் தையல் வேலை. 2018 சித்திரையில் கூரை உச்சியில் டர்போ வென்டிலேட்டர் பொருத்தினோம். கரண்டே வேண்டாத அந்தக் காத்தாடி உருண்டைதான்.

முதல் வருஷம் பெரிய ஏமாற்றம். மேலே ஜோராகச் சுற்றும், உள்ளே புழுங்கிச் சாகும். விற்றவர் இன்னொன்று போடச் சொன்னார். வேறு வேலையாக வந்த வெல்டிங்காரத் தம்பிதான் கேட்டார்: "மேல போக வழி வெச்சிருக்கீங்க, கீழ வர வழி எங்கக்கா?"

சூடான காற்று தானாக மேலே போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அதைத் தள்ளிவிட ஆள் வேண்டும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் சுமார் 1.2 கிலோ, 40 டிகிரியில் சுமார் 1.13 கிலோ. கனமான காற்று அடியில் புகுந்தால்தான் லேசான காற்று மேலே கிளம்பும். புக வழியே இல்லாத அறையில் காத்தாடி என்ன செய்யும்?

கிழக்குச் சுவரில் தரையோடு ஒட்டி, இரண்டடிக்கு ஓரடி ஓட்டை போட்டுக் கம்பிவலை அடித்தோம். மறுநாள் மதியம், இலைகூட அசையாத நேரம், ஓட்டைக்கு முன்னால் ஊதுபத்தி வைத்தேன். புகை உள்பக்கமாகச் சாய்ந்து, தரையை ஒட்டியே மிஷின் கால் வரை வந்தது. அப்புறம்தான் தலைதூக்கி மேலே போனது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஷீட்டுக்கு ஓரடி கீழே 47 டிகிரி காட்டிய தெர்மாமீட்டர் அந்த வாரம் 42-ஐத் தாண்டவில்லை.

ஊருக்கே நடப்பதும் இதுதான். வெயிலில் தரை கடலைவிடச் சீக்கிரம் சுடும். தரை மேல் காற்று லேசாகும். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடல்காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அது வரத் தாமதமாகும். கத்திரியில் அப்படி ஒரு நாள் வாய்த்தால் வெளியே 40 டிகிரி, உள்ளே வருவதும் அதே அனல்தான். அன்றைக்கு நனைத்த கோணியை ஓட்டையில் தொங்கவிடுவேன், நன்றாகவே கேட்கிறது. மற்றபடி, வெளியே உள்ளதைவிடக் குளிர்ச்சியை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

பராமரிப்பு? நான்காம் வருஷம் உப்புக்காற்றில் பேரிங் கிறீச்சிட்டது, மாற்றினோம். ஸ்க்ரூவெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகப் போடுங்கள். 2020 நவம்பரில் நிவர் வந்தபோது கயிறு போட்டுக் கட்டியதில் தப்பியது.

மார்கழியில் எல்லாமே தலைகீழ். இரவில் ஷீட் வெடவெடவென்று குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று கனத்துக் கீழே இறங்கும். விடியற்காலையில் ஷீட்டில் கோத்த நீர் சொட்டும். ஒரு பட்டு ரவிக்கை அப்படித்தான் கறைபட்டது. இப்போது அந்த மாதம் முழுக்க, ராத்திரியில் கூரைக்கடியில் எதையும் தொங்கவிடுவதில்லை.