மாதம் ஒரு செவிலியர் ஆய்வுரை: ஜூமில் நீண்ட நாள் நடத்திப் பார்த்ததில்

பிற்பகல் 2.30 மணி, 40 நிமிடம், ஒரே ஒரு ஆய்வு. வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கான இணையவழி உரையை இந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் அது ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. ஒன்றரை மணி நேரம், மூன்று பேச்சாளர்கள், வரவேற்புரை, நன்றியுரை என்று தொடங்கியவை நான்காவது மாதத்திலேயே ஆளில்லாமல் நின்றுபோகின்றன. ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். அந்தக் கெடு இருப்பதால்தான் பேச்சாளர் விஷயத்துக்கு வருகிறார்.

2.30 என்பது காலை டூட்டி 2 மணிக்கு முடியும் மருத்துவமனைகளுக்கான கணக்கு. ஹேண்ட்ஓவர், அதாவது நோயாளிகளை அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பது, முடிய அரை மணி நேரம் ஆகும். 2 மணிக்கே தொடங்கினால் இரண்டு ஷிஃப்டுமே வராது. 3 மணிக்குத் தள்ளினால் காலை ஷிஃப்ட் பஸ் ஏறிவிடும்.

நேரத்தை 15, 15, 10 என்று பிரிப்பதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது: ஆய்வுக்கு 15 நிமிடம், வார்டில் நடந்த ஒரு கேஸுக்கு 15, கேள்விகளுக்கு 10. கேஸை விட்டுவிடக் கூடாது. நியூ மெக்சிகோவில் 2003-இல் டாக்டர் சஞ்சீவ் அரோரா ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்காகத் தொடங்கிய, தொலைவிலுள்ள மருத்துவர்களுக்கு இணையவழியில் பயிற்சி தரும் எக்கோ திட்டமும் சிறிய உரை, அதையொட்டி நிஜமான கேஸ் என்ற முறையில்தான் வளர்ந்தது. உரை மட்டும் இருந்தால் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேஸ் வந்தால்தான் 'எங்க வார்டுலயும் இப்படித்தான் சிஸ்டர்' என்று குரல் எழும்.

எந்த ஆய்வை எடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு பற்றி 2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு நல்ல உதாரணம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகள். பிரசவம் முடிந்ததும் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். 500 மி.லி. தாண்டினாலும், 300 மி.லி.யிலேயே நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவை மாறினாலும் சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து செய்யாமல் மொத்தமாகத் தொடங்கினார்கள்: கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுதல், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட், ஐ.வி. திரவம், பரிசோதனை. கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, ரத்தப்போக்கால் மரணம் மூன்றும் சேர்ந்த விகிதம் வழக்கமான முறையில் 4.3 சதவீதம், இந்த முறையில் 1.6. இந்த விரிப்புக்கு நம் நாட்டிலேயே ஒரு முன்வரலாறு உண்டு. கர்நாடகத்தின் பெல்காமில் பயன்படுத்திப் பார்த்து, கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு விரிப்பு காட்டுவதைவிட 33 சதவீதம் குறைவாக இருக்கிறது என்று 2006-இலேயே எழுதினார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் லேபர் வார்டு சிஸ்டர்கள் கேட்பது புள்ளிவிவரத்தை அல்ல. பனிக்குட நீர் கலந்தால் அளவு கூடிவிடாதா? விரிப்பைக் குழந்தை பிறந்த பிறகு போட வேண்டும், முன்பே அல்ல. ஆக்சிடோசின் ஃப்ரிட்ஜில், டிரானெக்சாமிக் ஆசிட் பூட்டிய அலமாரியில், சாவி இன்சார்ஜ் கையில் என்றிருந்தால் மொத்தமாகத் தொடங்குவது எப்படி? இந்தக் கேள்விதான் அந்த மாத உரையின் பலன். எல்லாம் ஒரே டிரேயில் இருக்க வேண்டும், ஆக்சிடோசின் மட்டும் 2 முதல் 8 டிகிரியில், லேபர் வார்டுக்குள்ளேயே ஃப்ரிட்ஜில்.

தொழில்நுட்பத்தில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் சில. நர்சிங் ஸ்டேஷனில் இரண்டு போன்கள் ஒரே அறையில் இணைந்தால் ஊளைச் சத்தம் வரும். ஒன்றில் மட்டும் ஆடியோ இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த ஸ்லைடு வேறு கணினியில் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் அடித்து பி.டி.எஃப். ஆக மாற்றிவிட வேண்டும். பெரும்பாலோர் போனில் பார்ப்பதால் எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது, ஒரு ஸ்லைடில் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். வீடியோ காட்டினால் திரைப் பகிர்வில் ஒலியைப் பகிரும் கட்டத்தை டிக் செய்ய மறந்துவிடுகிறார்கள். செய்முறை வீடியோவை முதல் நாளே அனுப்பிவிடுவது மேல்.

நைட் டூட்டிக்காரர்களுக்குப் பதிவு அவசியம். இலவச ஜூமில் கணினியிலிருந்துதான் பதிவு செய்யலாம், போனில் முடியாது. கூட்டம் முடிந்ததும் கோப்பு மாற்றம் நடக்கும்போது லேப்டாப்பை மூடினால் பதிவு பாதியில் நிற்கும். கேஸ் பகுதி தொடங்கும் முன் பதிவை நிறுத்திவிட வேண்டும், இதில் எந்தச் சலுகையும் கூடாது. புண்ணின் படத்தில் முகத்தை மறைத்துவிட்டு, மணிக்கட்டுப் பட்டையிலுள்ள ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) கையில் பச்சை குத்திய பெயரையும் விட்டுவிடுகிறார்கள்; நோயாளி யாரென்று அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி நேரத்தில் மேட்ரன் பெயர் திரையில் இருந்தால் ஜூனியர்கள் வாயே திறப்பதில்லை. பெயர் கேட்காத கூகுள் படிவம் ஒன்றை முன்பே கொடுத்து, ஒருங்கிணைப்பவர் வாசித்தால் கேள்விகள் வந்துவிடும். வருகைக்குத் தனிப் படிவம் வேண்டும். ஒரே போனில் ஆறு பேர் பார்க்கும்போது ஜூம் ஒருவரைத்தான் கணக்கிடும். வருகைப் படிவத்தின் இணைப்பைக் கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் கொடுங்கள். தொடர்கல்விக்கான கிரெடிட் நேரம் வேண்டுமென்றால் மாநில செவிலியர் கவுன்சிலின் அனுமதியை உரைக்கு முன்பே வாங்க வேண்டும்.

அடுத்த மாத உரையின் முதல் ஐந்து நிமிடம் புதுத் தலைப்புக்கு இல்லை. சென்ற மாதம் சொன்னது நடக்கிறதா என்று வார்டில் பத்து முறை பார்த்துக் குறித்ததை லேபர் வார்டு இன்சார்ஜ் வாசிக்கிறார்: விரிப்பு எத்தனை பிரசவத்தில் போடப்பட்டது, போடாதவற்றில் என்ன தடை. ஸ்டோரில் தீர்ந்துவிட்டது என்பது பதிலானால், அன்றைக்கே இண்டெண்ட் (ஸ்டோருக்கான தேவைப் பட்டியல்) போட வேண்டும்.