ஸ்விஃப்ட், டிசையர் காயில் ஸ்பிரிங் மாற்றம்: மாட்டிய அன்றும் இரண்டு மழைக்காலம் கழித்தும்

பழைய ஸ்பிரிங் 'லூசாயிடுச்சு' என்று பட்டறையில் சொல்வார்கள். கம்பி துருப்பிடித்து மெலியாதவரை ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படியேதான் இருக்கும். குறைவது நீளம். வருடக்கணக்கில் சுமையிலேயே நின்று கம்பி படிந்துவிடுகிறது. கழற்றிப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு விரல்கட்டை குட்டையாக இருக்கும். 15 மி.மீ. படிந்தது என்றால், சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தில் 15 மி.மீ. போய்விட்டது. ஐந்து பேர் ஏறி வேகத்தடையில் விட்டால் பம்ப் ஸ்டாப்பில் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது தாங்கும் ரப்பரில்) 'டொம்' என்று இடிப்பது அதனால்தான்.

இந்தச் சத்தத்தைக் கேட்டு ஷாக் அப்சார்பரை மாற்றுபவர்கள்தான் அதிகம். புது ஷாக் வண்டியைத் தூக்கி நிறுத்தாது, சத்தம் அப்படியே இருக்கும். மேட்டில் ஏறி இறங்கியபின் வண்டி இரண்டு மூன்று முறை தொட்டிலாடினால் குற்றவாளி ஷாக். உட்கார்ந்துபோய் இடித்தால் ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு, ஆனால் எது என்று தெரியாமல் காசை இறக்கக் கூடாது.

தெரிந்துகொள்ள ஒரு டேப் போதும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல் முன்னும் பின்னும் ஒரு முழம் உருட்டி, நான்கு மூலையையும் அமுக்கி விட்டு, சக்கர மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் தகடு) விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். இடம் வலம் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்தால் அதற்குக் குறுக்கே உள்ள மூலையும் ஆடும், அதனால் நான்கு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்த எண்களைத் தேதியோடு வண்டிப் புத்தகத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் வேலையின் தரத்தைச் சொல்லப்போவது அவைதான்.

உடைவது வேறு கதை. முன் ஸ்பிரிங் பெரும்பாலும் அடியில்தான் உடையும்: கீழ் இருக்கையில், அதாவது ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்தில், உட்காரும் கடைசிச் சுற்றில், நுனியிலிருந்து அரைச் சுற்று முதல் ஒன்றரைச் சுற்றுக்குள். காரணம் கண்ணால் பார்க்கக்கூடியதே. அந்தக் கிண்ணத்தில் மணலும் சேறும் தங்குகின்றன. வண்டி ஓட ஓட அந்த மணல் உப்புத்தாள் போலத் தேய்த்து ஸ்பிரிங்கின் பவுடர் கோட்டிங்கை உரிக்கும். உரிந்த இடத்தில் தண்ணீர் நின்று சின்னக் குழியாகத் துரு விழும். அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். சென்னை, தூத்துக்குடி, ராமேஸ்வரம் மாதிரி உப்புக்காற்று ஊர்களில் இது விரைவாக நடக்கிறது. உடைந்த வாயைப் பார்த்தால் ஓரத்தில் பழுப்பாகப் பழைய விரிசல், மீதி வெள்ளையாகப் புது முறிவு என்று இரண்டு நிறம் தெரியும். பழுப்புப் பகுதி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பல நாள் இருந்தது.

துரு ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியில் போகிறது, கம்பிக்குள் ஏறும் தகைவு (ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் விசை) மூன்றாம் படிக்குத் தலைகீழாக. 12 மி.மீ. கம்பி சுற்றிலும் துருவேறி 11 ஆனால் அந்த இடத்தின் விறைப்பு சுமார் 30 சதவீதம் இறங்கும், அதே சுமையில் தகைவு சுமார் 30 சதவீதம் கூடும். எடை குறைக்க இப்போது அதிக வலிமை எஃகில் மெல்லிய கம்பியாகச் சுற்றுகிறார்கள். அதில் ஒரு சின்னக் குழி செய்யும் கேடு பழைய தடிமன் ஸ்பிரிங்கில் செய்ததைவிட அதிகம்.

உடைந்த பிறகும் வண்டி ஓடும், அதுதான் ஆபத்து. ஓட்டுநருக்குக் கேட்பது ஸ்டீயரிங் திருப்பும்போது ஒரு 'டிங்' மட்டும். உடைந்த நுனி இருக்கையை விட்டு வெளியே வந்தால் டயரின் உள்பக்கச் சுவரைக் கிழித்துவிடும். சத்தம் வந்தால் டார்ச் அடித்துக் கீழ்ச் சுற்றைப் பாருங்கள்.

ஸ்பிரிங் வாங்கும்போது வண்டிப் பெயர் மட்டும் சொன்னால் போதாது. ஸ்விஃப்ட், டிசையரில் 2020 வரை டீசல் வந்தது. டீசல் எஞ்சின் கனம் அதிகம், முன் ஸ்பிரிங் வேறு. சிஎன்ஜி வண்டிக்குப் பின்னால் வேறு. சேஸிஸ் எண்ணை வைத்துப் பாகத்தின் எண்ணைப் பிடித்து, ஸ்பிரிங்கில் இருக்கும் பெயின்ட் குறி நிறத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் புதிது கிடைக்கும். பழைய பாகம் விற்கும் புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம், ஸ்பிரிங் வேண்டாம்: அது எத்தனை படிந்தது, எங்கே விரிசல் என்று யாருக்கும் தெரியாது. படிந்ததைச் சூடாக்கி இழுத்துத் தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். வெப்பப் பதம் போன கம்பி சில மாதத்தில் முன்பைவிடக் கீழே உட்காரும்.

ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பக்கம் உயர்ந்து வண்டி சாய்ந்து நிற்கும். முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக இருக்கும், அதுதான் ஸ்ட்ரட். அதை மாற்றும்போது ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், ஸ்பிரிங் சீட் ரப்பர், புது லாக் நட் எல்லாம் சேர்த்து வாங்குவதே லாபம். கூலி எப்படியும் ஒன்றுதான்.

முன்பக்க வேலை: சக்கர நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் விடுவியுங்கள். லிங்க் ராடு (ஸ்ட்ரட்டை ஸ்டெபிலைசர் பாரோடு இணைக்கும் தண்டு) நட் சுற்றும்போது உள்ளே இருக்கும் பந்தும் சேர்ந்து சுற்றும். நடுவில் அலென் கீ போட்டுப் பிடிக்க வேண்டும். ஸ்ட்ரட் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் பாகத்தில்) இரண்டு போல்ட்டால் பிடித்திருக்கும். கழற்றுவதற்கு முன் ஸ்ட்ரட் எங்கே நின்றது என்று சுண்ணாம்புக் கட்டியாலோ சென்டர் பஞ்ச் என்னும் குறியுளியாலோ குறியுங்கள், கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அதிகம் விலகாமல் திரும்ப வரும். நக்கிளை ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட மறந்தால் அது வெளிப்பக்கம் சாய்ந்து டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் பிரிந்துவிடும், அரைமணி வேலை அரைநாள் ஆகும்.

ஸ்ட்ரட்டின் மேலே உள்ள பிஸ்டன் நட்டை ஸ்பிரிங்கை அமுக்காமல் தொடவே கூடாது. கணக்குப் போடுங்கள்: மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் ஸ்ட்ரட்டுக்குள் 100 மி.மீ. அமுங்கி நின்றால் 2000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. முகத்துக்கு நேரே அது விடுபட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்பிரிங் கம்ப்ரசரின் (ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியின்) இரண்டு கொக்கிகளும் எதிரெதிரே, முடிந்தவரை அதிகச் சுற்றுகளைப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் சில சுற்று, மறுபக்கம் சில சுற்று என்று கையால் மாற்றி மாற்றி இறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம், கம்ப்ரசரின் மரையைத் தின்றுவிடும். மேல் இருக்கை கையால் ஆடும் அளவுக்குத் தளர்ந்தபின்தான் நட்.

மாட்டும்போது தவறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்: கீழ் இருக்கையில் ஒரு படி இருக்கும், ஸ்பிரிங்கின் நுனி அதை ஒட்டி நிற்க வேண்டும். நுனிக்கும் படிக்கும் நடுவே ஒரு விரல் புகுந்தாலே தப்பு. அதைத் தாண்டி ஏறி உட்கார்ந்தால் உயரம் மாறும், ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங் தெறித்துத் 'டங்' என்று கேட்கும், கோட்டிங் முதல் வாரத்திலேயே உரியும். கிண்ணத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, தண்ணீர் வடியும் ஓட்டை இருந்தால் அதைக் குத்தித் திறந்து, துருவுக்கு பெயின்ட் அடித்துக் காயவிட்டுத்தான் ஸ்பிரிங். கிரீஸ் தடவாதீர்கள், மணலை அது இழுத்து வைத்துக்கொள்ளும்.

பின்பக்கம் எளிது. இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீமில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பீமுக்கு அடியில் ஜாக் கொடுத்து, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்து மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். கம்ப்ரசரே வேண்டாம். ஆனால் ஷாக்கின் கீழ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழு டார்க்கில் (இறுக்கும் விசையில்) இறுக்கினால் உள்ளே உள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். ஜாக்கால் பீமை வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்கி அப்புறம் இறுக்க வேண்டும். டார்க் அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ளதுதான். மெக்கானிக்கின் கைக்கணக்கு இங்கே உதவாது.

முதல் வாரம் வண்டி கொஞ்சம் தூக்கலாக நிற்கும், பயப்பட வேண்டாம். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் சில மில்லிமீட்டர் இறங்கி நிலைக்கும். வேலை முடிந்த அன்றே அலைன்மென்ட் பார்த்தாக வேண்டும், நக்கிள் போல்ட் கழன்றிருப்பதால் டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) நிச்சயம் மாறியிருக்கும். இறங்கி நிலைத்தபின் மறுபடி ஒருமுறை. இரண்டாவதைத் தவிர்ப்பவர்களின் முன் டயர் ஓரம் தேய்ந்து பேசும்.

தரம் தெரிவது அதற்கப்புறம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே டேப்பால் அதே நான்கு எண்கள். கம்பெனி ஸ்பிரிங் இறங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். விலை குறைவான வெளிச்சந்தைச் சரக்கு ஓராண்டில் 10 மி.மீ.க்கு மேல் உட்காருவது புதுமை இல்லை. அப்போது வாங்கிய மிச்சம் இரண்டாம் கூலியில் போய்விடுகிறது. உயரத்தோடு இன்னொன்றையும் பாருங்கள்: கீழ்ச் சுற்றின் கோட்டிங். முதல் மழைக்காலம் முடிந்ததும் குழாயில் தண்ணீர் அடித்துக் கிண்ணத்தைக் கழுவிவிட்டுத் துடைத்துப் பார்த்தால், பளபளப்பு போய்க் கம்பி வெறுமையாகத் தெரியும் இடம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நுனி சரியாகப் படியில் நிற்கும் ஸ்பிரிங்கில் இரண்டாம் மழைக்காலத்திலும் ஒரு கோடுதான் தேய்ந்திருக்கும். தப்பாக உட்கார்ந்ததில் பட்டையாகத் துரு ஏறியிருக்கும். அங்கே பெயின்ட் தொட்டு வைப்பது கொஞ்ச காலத்தை நீட்டும், அவ்வளவுதான்.

வெளியே சிஎன்ஜி போட்ட டாக்ஸிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டிக்கியில் இருக்கும் இரும்பு சிலிண்டர் காலியாக இருக்கும்போதே ஓர் ஆள் எடை. அது இருபத்துநாலு மணி நேரமும் பின் ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. இதற்குச் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுவது வழக்கமாகிவிட்டது. உயரம் வருகிறது, உண்மை. ஆனால் பஃபர் பிடித்த சுற்று வேலை செய்யாமல் நிற்க, மீதிச் சுற்றுகள் அதன் பங்கையும் சேர்த்து வளைகின்றன. ஐந்து சுற்றில் ஒன்று ஓய்ந்தால் விறைப்பு 25 சதவீதம் கூடும், பஃபரின் ஓரத்தில் மணல் தேய்த்துக் கோட்டிங்கும் போகும். உயரத்தைக் குறைக்கச் சுற்றை வெட்டுபவர்களுக்கும் இதே கணக்கு. தொழிற்சாலையிலேயே சிஎன்ஜியோடு வரும் அதே மாடலின் பின் ஸ்பிரிங், ரப்பர் சீட் மாறாமல் உட்காருகிறதா என்று பார்த்துப் போட்டால் அதுவே நிற்கிறது.

பின்பக்க உயரம் மாறினால் ஹெட்லைட் வெளிச்சமும் மாறும், சுவரில் அடித்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பழைய மாடல் சிலவற்றில் பீமோடு கம்பியால் இணைத்த சுமை உணர் பிரேக் வால்வு இருக்கும். பின்னால் உயர்த்திய வண்டியை அது காலி வண்டி என்று எண்ணிப் பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஸ்பிரிங் வேலை முடிந்ததும் அந்தக் கம்பியின் அமைப்பை மேனுவல்படி சரிபார்த்துவிட்டுத்தான் வண்டியை ஒப்படைக்கச் சொல்லுங்கள்.