பன்னிரண்டு சாடிக்கு எந்த வழி?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தாங்கியின் நிழல் விழாத மூலை ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. 12 சாடி வைக்கலாம், அதற்கு மேல் வைத்தால் துணி காயப் போடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். மூன்று வருடமாக அங்கே கொச்சிக்காய்தான், அதாவது சின்ன உறைப்பு மிளகாய். மட்டக்களப்புச் சின்னம்மா பேப்பரில் சுற்றிக் கொடுத்த விதை. அவர் வீட்டுக் கிணற்றடியில் யாரும் நடாமலே முளைத்து, வானத்தைப் பார்த்துக் காய்க்கிற சின்னக் கொச்சி. முதல் தடவை யோகட் கப்பில் வந்த 14 கன்றில் ஒன்று மட்டும் பச்சைக்குப் பதிலாகப் பால் நிறத்தில் பிஞ்சு பிடித்தது. பழுத்தால் மற்றதைப் போலவே சிவப்பு. கேரளத்தில் வெள்ளைக் காந்தாரி என்று இப்படி ஒன்று உண்டு. சின்னம்மா மட்டும் தன் வளவில் கண்டதே இல்லை என்றார்.

இப்படி ஒரு செடி கையில் வந்தால் மூன்று வழி இருக்கிறது. நல்ல செடிகள் எல்லாவற்றிலும் விதை எடுத்துக் கலந்து விதைப்பது ஒன்று. அந்த ஒற்றைச் செடியை மட்டும் தனக்குத்தானே கருக்கட்ட வைத்து வழி பிடிப்பது இன்னொன்று. வேறு இனத்தோடு கலந்து புதிதாக ஒன்றை உருவாக்கப் பார்ப்பது மூன்றாவது. மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றில் நன்றாகச் சறுக்கியும் விட்டேன்.

நாட்டு வித்து என்று வெளியுலகில் ஆட்கள் அலைவது பெரும்பாலும் கஞ்சாவுக்காக. மலையோரக் கிராமங்களில் தலைமுறையாக விளைந்த வித்தைத் தேடி, அதில் விசித்திர குணங்களைப் பிரித்தெடுப்பது அவர்களின் பைத்தியம். நமக்கு அது ஆகாது. 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டத்தை விட்டாலும் கொச்சிக்கு வேறொரு வசதி உண்டு. கஞ்சாவில் பொதுவாக ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, மகரந்தம் காற்றில் போகும். கொச்சிப் பூ ஒன்றுக்குள்ளேயே இரண்டும் இருப்பதால் ஒரே செடியை வைத்து வம்சம் நடத்தலாம். அதற்காக அது பத்தினி என்று நினைத்துவிடாதீர்கள். தேனீ வந்தால் அயல் மகரந்தத்தையும் ஏற்றுக்கொள்ளும்.

நான் சறுக்கியது அங்கேதான். பால் பிஞ்சுச் செடிக்கு இரண்டு சாடி தள்ளி நயி மிரிஸ் என்ற வாசமான மிளகாய்ச் செடி ஒன்று நின்றது. மாடி ஐந்தாவது தளத்தில், தேனீ எங்கே வரப்போகிறது என்று பூக்களை மூடாமல் விட்டேன். அடுத்த தலைமுறையில் 9 கன்று வந்தது, அதில் 3 பச்சைப் பிஞ்சு பிடித்தது. அவற்றில் இரண்டின் காய்கள் நயி மிரிஸ் போலத் தோளில் மடிப்பு விழுந்து தொங்கின. கோபம் வந்தாலும் அந்த மூன்று செடிகள்தான் எனக்குப் பாடம் சொல்லித் தந்தன. வெளிறிய பிஞ்சு நிறம் பொதுவாக ஒடுங்கும் குணம், பச்சை அதை மூடி ஆளும். எனவே தன் மகரந்தத்தில் கருக்கட்டிய விதையெல்லாம் பாலாகவும், அயல் மகரந்தம் கலந்தது பச்சையாகவும் வெளிவந்து தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது.

இரண்டாவது வழியின் உண்மையான பலம் இது. ஒடுங்கும் குணம் கண்ணில் படுவது அபூர்வம். ஆனால் பட்டுவிட்டால் அந்தக் குணம் அந்தச் செடியில் சுத்தமாகவே இருக்கிறது. பூவை மூடி விதை எடுத்தால் அடுத்த தலைமுறையிலேயே நிலைத்துவிடும். ஆளும் குணம் தலைகீழ். பச்சைப் பிஞ்சு மாதிரி ஒன்று முதல் பார்வையிலேயே தெரியும், ஆனால் செடி அதைத் தாய், தந்தை இரு பக்கத்திலிருந்தும் இரட்டையாக வைத்திருக்கிறதா, ஒரு பக்கத்திலிருந்து ஒற்றையாகவா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளைகளை வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒற்றையாக இருந்தால், பூவை மூடி விதை எடுத்து வர அந்தக் கலப்பு நிலை ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும்: 50 சதவீதம், 25, 12.5, 6.25. ஆண்டுக்கு இரண்டு தலைமுறை எடுத்தாலும் பொறுமை வேண்டும்.

மூடுவதற்கு என்ன? புறக்கோட்டையில் கல்யாண வீட்டுக்குக் கொடுக்கிற சின்ன வலைப்பைகள் விற்கிறார்கள், இழுத்தால் வாய் சுருங்குகிற அந்தப் பைகள். பூ விரியுமுன்னே மொட்டுள்ள கிளையில் பையை மாட்டி, காலையில் இரண்டு தடவை விரலால் தட்டிவிட வேண்டும். காய் பிடித்ததும் பையைக் கழற்றி, அந்தக் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுவேன். நூல் இல்லாத காயில் விதை எடுப்பதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும். பழுத்த பிறகு கொண்டைக்குருவிக்குப் பயந்து திரும்பவும் பை போட வேண்டியிருக்கும். பறவைக்கு உறைப்புத் தெரியாது, பழுத்த சின்னக் கொச்சியோ தொட்டாலே காம்பிலிருந்து கழன்றுவிடும்.

மூன்றாவது வழி, கலப்பு, ஆசை காட்டும். நயி மிரிஸின் வாசம், கொச்சியின் வான்நோக்கிய காய், பால் பிஞ்சு மூன்றையும் ஒரே செடியில் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கணக்கைப் போட்டால் ஆசை இறங்கிவிடும். கலந்த முதல் தலைமுறையில் ஒடுங்கும் குணம் ஒன்றும் தெரியாது. இரண்டாவதில் நான்கில் ஒன்று. அப்படி ஒரு செடியாவது கிடைக்கும் என்று 95 சதவீதம் நம்ப வேண்டுமானால் 11 செடி போதும். நிமிர்ந்த காயும் பொதுவாக ஒடுங்கும் குணம்தான். இரண்டும் சேர்ந்து வேண்டும் என்றால் பதினாறில் ஒன்று, அதே நம்பிக்கைக்கு 47 செடி. என்னிடம் 12 சாடி. வாசத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை, அது ஒரே மரபணுவின் வேலை இல்லை.

வேலையும் நுணுக்கமானது. மொட்டு விரியுமுன்னே இதழைப் பிரித்து, ஊதாவாய் நிற்கும் மகரந்தப் பைகள் வெடிக்குமுன்னே இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி, மற்றச் செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். கண்ணாடி போட்டும் எனக்கு நான்கில் மூன்று மொட்டு உதிர்ந்தது. கொழும்பு இரவின் புழுக்கத்தில் சாதாரண மிளகாய்ப் பூ தானாகவே உதிரும், கை பட்டால் கேட்கவா வேண்டும். விவசாயத் திணைக்களம் எம்.ஐ. என்று தொடங்கும் பெயர்களில் வெளியிட்ட மிளகாய் இனங்கள் இருக்கின்றனவே, அந்த எழுத்துகள் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மகா இலுப்பள்ளமவைக் குறிப்பவை. பரந்த வயல் உள்ளவர்களின் வேலை அது. கலப்பின விதைப் பக்கெட் வாங்கி, அதன் காயில் விதை எடுத்து மறுபடி போடுகிறவர்களும் தெரியாமலே இந்தச் சீட்டைத்தான் குலுக்குகிறார்கள்.

முதல் வழியைக் குறைவாகச் சொல்லக்கூடாது, ஆனால் அதன் நோக்கம் வேறு. நாட்டு இனம் என்பது ஒரே அச்சில் வார்த்த செடி இல்லை, ஒரு கூட்டம். ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று மழையைத் தாங்கும். பால் பிஞ்சே அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்திருந்து வந்ததுதான். ஒற்றைச் செடியின் வழியைப் பிடித்தால் மற்றதெல்லாம் போய்விடும். கூட்டத்தைக் காக்க இருபது, முப்பது செடி வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு விதை எடுக்க வேண்டும். நல்லது என்று தோன்றும் செடியில் மட்டும் அள்ளினால் கூட்டம் சுருங்கிவிடும். கன்னொறுவையில் 1988இல் தொடங்கிய தாவர மரபுரிமை வள நிலையம் விதையைக் குளிரில் வைத்துச் செய்வதும் இந்தக் காவல்தான்.

உறைப்பை வைத்துத் தெரிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் குறைந்த சாடியில் காய் உறைக்கும், நன்றாக நனைந்த சாடியில் மட்டுப்படும். ஒரே செடி மாதத்துக்கு மாதம் மாறும். நாக்கை நம்பி ஒரு செடியைத் தூக்கிவைத்தால் சாடியைத் தெரிவு செய்ததாகத்தான் முடியும். நிறம், காயின் நிற்பு போன்றவை அப்படி ஏமாற்றுவதில்லை. இலையில் வெள்ளைத் திட்டு கண்டதும் புதுக் குணம் என்று துள்ளவும் வேண்டாம். பாதி நேரம் அது இலைப்பேனும் செஞ்சிலந்தியும் வைரசும் செய்கிற வேலை, பக்கத்துச் சாடிக்கும் பரவும்.

சரி, என் கணக்கு இப்படி. 8 சாடி பால் பிஞ்சுக்கு, வலைப்பையோடு. 3 சாடி சமையலுக்கு. நயி மிரிஸ் ஒன்று, வெறும் ஆசைக்கு, மாடியின் மறு கோடியில். கூட்டத்தைக் காக்கும் வேலையைச் சின்னம்மாவின் கிணற்றடிக்கே விட்டுவிட்டேன். அங்கே இடமும் உண்டு, குருவியும் உண்டு. சிவப்பு நூல் கட்டிய காயிலிருந்து எடுத்த விதை 20ஐ அவருக்கும் அனுப்பி, கிணற்றடியிலிருந்து தூரமாகப் போடச் சொன்னேன். போனில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அது சரி மகன், வெள்ளைக் கொச்சி உறைக்குமா?"

உறைக்கும் என்றேன். அந்த வாரம் தண்ணீர் ஊற்ற மறந்திருந்தேன்.