செட்டாப் பாக்ஸிலிருந்து பதிவு செய்ய எது சரி: பெண்டிரைவா, மஞ்சள் ஒயரா, எச்டிஎம்ஐயா?

டிவியில் ஓடுகிற ஒரு நிகழ்ச்சியை எடுத்து வைத்துக்கொள்ள இன்றைக்கு ஒரு சாதாரண வீட்டில் மூன்று வழிகள் இருக்கின்றன. பெட்டியின் யுஎஸ்பி ஓட்டையில் பெண்டிரைவைச் செருகிப் பதிவு செய்வது ஒன்று. பெட்டியின் பின்னால் இருக்கும் ஏவி அவுட்டிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டருக்கோ டிவிடி ரெகார்டருக்கோ கொடுப்பது இன்னொன்று. எச்டிஎம்ஐ கேபிளைக் கேப்சர் கருவி (வருகிற படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கித் தரும் சின்னக் கருவி) வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவது மூன்றாவது. கடைக்காரரிடம் கேட்டால் எச்டிஎம்ஐ என்பார், கேபிள்காரரிடம் கேட்டால் பெண்டிரைவ் போதும் என்பார். எதை, எத்தனை காலத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று இரண்டு பேரும் கேட்க மாட்டார்கள். அதைப் பொறுத்துத்தான் பதிலே மாறும்.

முதலில் ஒன்று. பெரிய தமிழ் சேனல்கள் தீபாவளி, பொங்கல் பட்டிமன்றங்களையும் போட்டி நிகழ்ச்சிகளையும் பெரும்பாலும் தாங்களே யூடியூபில் ஏற்றிவிடுகின்றன. அங்கே இருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை. உண்மையான தேவை வருவது உள்ளூர் கேபிள் சேனலில்தான். ஊர்க் கோயில் கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா, பேத்தியின் அரங்கேற்றம் எல்லாம் ஒரு முறை ஓடும், அதோடு போய்விடும். பிறகு நீங்கள் எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு.

பழைய அனலாக் கேபிள் காலத்தில் இது பெரிய வேலையாக இருந்ததில்லை. தெருக் கம்பத்திலிருந்து வந்த ஒயரை நேராக விசிஆரில் செருகுவோம், அதற்குள்ளேயே டியூனர் இருந்தது. டிவியில் ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாம். சென்னையில் 2012 அக்டோபர் கடைசியோடும், சிற்றூர்கள் வரை 2017 மார்ச்சோடும் கேபிளை டிஜிட்டலுக்கு மாற்றக் கெடு வைத்தார்கள். அப்புறம் ஒயரில் வருவது பூட்டுப் போட்ட சிக்னல். சாவி செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது. பதிவுக் கருவிக்குக் கிடைப்பது, பெட்டி திறந்து கையில் கொடுப்பது மட்டும்தான். பெட்டி எந்தச் சேனலில் நிற்கிறதோ அதுதான் பதிவாகும். இரண்டு டியூனர் வைத்த டிவிஆர் பெட்டி, அதாவது உள்ளேயே பதிவு செய்யும் பெட்டி, இருந்தால் மட்டுமே ஒன்றைப் பார்த்துக்கொண்டு இன்னொன்றை எடுக்க முடியும். டாடா ஸ்கை 2008இல் கொண்டுவந்த பிளஸ் பெட்டி அந்த வகை.

பெண்டிரைவ் பதிவு

தரத்தை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம். வானிலிருந்தோ கேபிளிலிருந்தோ வருகிற டிஜிட்டல் தகவலைப் பெட்டி அப்படியே எழுதி வைக்கிறது. இடையில் எந்த மாற்றமும் இல்லாததால் எச்டி சேனல் எச்டியாகவே கிடைக்கும். கம்ப்யூட்டரும் வேண்டாம், ரிமோட்டில் சிவப்புப் பட்டனை அழுத்தினால் போதும். நிகழ்ச்சி அட்டவணையிலிருந்தே நேரம் குறித்து வைக்கவும் பல பெட்டிகளில் வசதி உண்டு. சில நிறுவனங்கள் இந்த வசதியைத் திறந்துவிட மாதக் கட்டணம் கேட்கின்றன.

ஆனால் அந்தப் பதிவு உங்களுடையது ஆவதில்லை. பெண்டிரைவைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால், ஒன்று, கோப்பே தெரியாது. இல்லையென்றால் தெரிந்தும் ஓடாது. பதிவு செய்யும்போதே பெட்டி அதற்குத் தன் பூட்டைப் போட்டுவிடுகிறது. பதிவு வசதி உள்ள பெட்டிகளில் நகல் காப்பு இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதியே சொல்கிறது. பக்கத்து வீட்டில் இருக்கும் அதே மாடல் பெட்டியில் செருகினாலும் ஓடாது. பெட்டி பழுதாகி வேறு பெட்டி கொடுத்தார்கள் என்றால், உள்ளே இருந்த எல்லாப் பதிவும் அந்த நிமிடத்திலேயே வீண்.

நாளைக்குப் பார்த்துவிட்டு அழிக்கப் போகிற சீரியலுக்கு, கிரிக்கெட்டுக்கு, இதைவிடச் சிறந்த வழி இல்லை. கும்பாபிஷேகத்தை இதில் மட்டும் வைத்திருப்பது ஆபத்து. இன்னொன்று: முதல் முறை செருகும்போது 'ஃபார்மேட் செய்யவா' என்று பெட்டி கேட்கும். சரி என்றால் அதிலிருக்கும் கல்யாணப் போட்டோ எல்லாம் போய்விடும். இதற்கென்று தனியாக ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். மெதுவான பெண்டிரைவ் என்றால் எச்டி சேனல் பாதியில் நின்றுவிடும். சின்ன ஹார்டு டிஸ்க் நல்லது, ஆனால் அதைச் சுழற்றுகிற அளவுக்குச் சில பெட்டிகளின் யுஎஸ்பி மின்சாரம் தராது. அப்போது தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வேண்டும்.

மஞ்சள் ஒயர்

வீட்டில் வைத்துக்கொள்ளும் பதிவுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மஞ்சள் பின்னில் படம், வெள்ளையில் இடப்பக்க ஒலி, சிவப்பில் வலப்பக்க ஒலி. மறுமுனையை ஈஸிகேப் வகைக் கேப்சர் கருவியில் செருகி, அதைக் கம்ப்யூட்டரின் யுஎஸ்பியில் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே பல கருவிகள் கிடைக்கின்றன. ஒரே மாதிரி உறைக்குள் வேறு வேறு சிப் வைத்து விற்கிறார்கள் என்பதால், டிரைவர் இன்ஸ்டால் செய்யாமலே ஓடக்கூடிய யுவிசி வகையா என்று கேட்டு வாங்குங்கள். பழைய டிரைவர் சிடியோடு வருகிற கருவிகள் புது விண்டோஸில் தகராறு செய்யும்.

'மஞ்சள் ஒயரில் படம் மங்கலாக இருக்குமே' என்பார்கள். எச்டி சேனலுக்கு அது உண்மை, 1080 வரிப் படம் 576 வரியாக இறங்கிவிடும். உள்ளூர் கேபிள் சேனல் எப்படி? பெரும்பாலும் அது கிளம்பும்போதே எஸ்டி, அதாவது 576 வரிதான். அதை எச்டிஎம்ஐயில் எடுத்தால் பெட்டி அந்த 576 வரியை இழுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கும். கோப்பு பெரிதாகும், கூடுதலாக ஒரு முகம்கூடத் தெளிவாகாது. 2017இல் அரசு கேபிள் இலவசமாகக் கொடுத்த எஸ்டி பெட்டி மாதிரி ஒன்று வீட்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மஞ்சள் ஒயர்தான்.

இதில் சில இடங்களில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். புதுப் பெட்டிகளில் மூன்று தனி ஓட்டைகளுக்குப் பதிலாக ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒரே ஓட்டை இருக்கும். அதற்கு ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின்னும் மறுமுனையில் மூன்று நிறப் பின்களும் உள்ள ஒயர் வேண்டும். அந்த ஒற்றைப் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், அவை நான்கு பகுதிகளாகப் பிரிக்கும். எந்தப் பகுதியில் படம், எதில் ஒலி, எதில் எர்த் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேமராவோடு வந்த பழைய ஒயரைச் செருகினால் படம் வராமல் ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று சத்தம் மட்டும் வந்தால், அது ஒலி ஓட்டைக்குள் படம் போகிற சத்தம். மறுமுனையில் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகிப் பாருங்கள், பல நேரம் படம் வந்துவிடும். எந்த மாற்றத்துக்கும் வரவில்லையென்றால் எர்த் பகுதியே வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்கான ஒயரையே கேபிள்காரரிடம் வாங்குவது நல்லது.

கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் மென்பொருளில் வீடியோ வகையைப் பால் (PAL, நம் நாட்டு டிவி முறை) என்று வைக்க வேண்டும். என்டிஎஸ்சி (அமெரிக்க முறை) என்று இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். அகலத்திரைச் சேனலில் எல்லோரும் ஒல்லியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 720க்கு 576 என்று வருகிற படத்தை 1024க்கு 576 என்று இழுத்துவிட்டால் முகங்கள் சரியாகிவிடும். வேகமாகக் கை அசைக்கும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் டீஇன்டர்லேஸ் வசதியைப் போடுங்கள். ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருளில், படம் வரும் சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்தால் அது இருக்கும். நாட்டியத்துக்கு இது மிகவும் முக்கியம். அரங்கேற்றத்தில் முத்திரை பிடிக்கிற விரல்கள் கோடு கோடாகக் கிழிந்து தெரிந்தால் பதிவு செய்ததற்கே அர்த்தமில்லை.

பல பெட்டிகளில் ஏவியும் எச்டிஎம்ஐயும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். டிவிக்கு எச்டிஎம்ஐ, பதிவுக்கு ஏவி என்று கொடுத்துவிட்டு வீட்டார் நிம்மதியாகப் பார்க்கலாம். ஆனால் யாராவது ரிமோட்டை எடுத்துச் சேனல் மாற்றினால் பதிவிலும் மாறிவிடும். ஒலி குறைப்பது, கூட்டுவது எல்லாம் டிவி ரிமோட்டில்தான் நடக்க வேண்டும். பெட்டியின் ஒலியைக் குறைத்தால் பெரும்பாலான பெட்டிகளில் பதிவிலும் குறையும், திரையில் வருகிற அந்தப் பச்சைக் கோடும் சேர்ந்து பதிவாகும்.

டிவிடி ரெகார்டர் வைத்திருப்பவர்கள் இதே மஞ்சள் ஒயரை அதன் லைன் இன்னில் கொடுக்கலாம். 4.7 ஜிபி தட்டில் நடுத்தரத் தரத்தில் 2 மணி நேரம் பிடிக்கும். முடிந்ததும் ஃபைனலைஸ் செய்யாவிட்டால் வேறு பிளேயரில் ஓடாது. பரணில் இருக்கும் விசிஆரை இதற்காக இறக்க வேண்டாம். அந்தக் கருவியைக் கடைசி வரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஹெட் தேய்ந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம்.

எச்டிஎம்ஐ

ஒயரை மாட்டுகிறீர்கள், கருவியில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை. கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். பழுது இல்லை. எச்டிஎம்ஐ கேபிளுக்குள் எச்டிசிபி என்று ஒரு பூட்டு ஓடுகிறது. எதிர்முனையில் இருப்பது அனுமதி பெற்ற டிவிதானா என்று பெட்டி கேட்கும், பதில் சரியாக வராவிட்டால் படத்தை அடைத்துவிடும். எல்லாப் பெட்டியும் எல்லாச் சேனலிலும் இதைப் போடுவதில்லை என்பதால், ஒரு வீட்டில் ஓடுவது அடுத்த வீட்டில் ஓடாது. இந்தப் பூட்டைக் கழற்றுவதாகச் சொல்லி விற்கிற ஸ்பிளிட்டர்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். உரிமை மீறும் நோக்கத்தோடு இப்படிக் காப்பை உடைப்பது, 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவின்படி குற்றம், 2 ஆண்டு வரை சிறை உண்டு.

பூட்டு இல்லாத பெட்டி என்றால், எச்டி சேனலுக்கு எச்டிஎம்ஐதான் அழகு. மலிவான கருவிகள் '1080i' வகைப் படத்தில், அதாவது ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் படத்தில், தடுமாறும். பெட்டியின் மெனுவில் 720p அல்லது 1080p என்று மாற்றிவிடுங்கள். பதிவு மென்பொருளில் நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரம் சுமார் 3.6 ஜிபி ஆகும். மஞ்சள் ஒயர்ப் பதிவுக்கு 3 மெகாபிட்டே தாராளம், மணிக்கு 1.4 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு சங்கடம் மின்சாரம். கேபிள் ஒயரின் மேல் பின்னல் வழியாக மின் கசிவு வருவது நம் ஊரில் சகஜம். தொட்டால் சுரீர் என்னும், எச்டிஎம்ஐ ஓட்டை கருகியும் போகும். பெட்டி, டிவி, கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொடுங்கள், ஸ்விட்சை அணைத்துவிட்டே ஒயர்களை மாட்டுங்கள். இடி மின்னல் நாளில் கேபிள் ஒயரையே கழற்றிவிடுங்கள்.

டிடி தமிழ் போன்ற இலவச அலைவரிசைகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான்காவதாக ஒரு வழி உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடித்த வழி. டிடி ஃப்ரீ டிஷ் ஆண்டெனாவோடு, யுஎஸ்பி பதிவு வசதியுள்ள இலவச சேனல் ரிசீவர். சிக்னலிலேயே பூட்டு இல்லாததால், இந்த ரிசீவர்களில் பல, பதிவைப் பூட்டில்லாத டிஎஸ் (ts) வீடியோ கோப்பாக எழுதுகின்றன. கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் போட்டால் ஓடும். பெண்டிரைவின் தரமும் மஞ்சள் ஒயரின் சுதந்திரமும் ஒன்றாகக் கிடைப்பது இங்கேதான். மார்கழிக் கச்சேரிகளைச் சேர்த்து வைக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது.

பதிவு நாளன்று

எந்த ஒயராக இருந்தாலும், ஓபிஎஸ்ஸில் எம்கேவி (mkv) என்ற கோப்பு வகையில் பதிவு செய்யுங்கள். சாதாரண எம்பி4 என்றால் நடுவில் கரண்ட் போனால் கோப்பு முழுவதும் திறக்காமல் போய்விடும், எம்கேவியில் அதுவரை பதிவானது தப்பிக்கும். பிறகு ஃபைல் மெனுவில் இருக்கும் ரீமக்ஸை வைத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது. பெட்டி தானாகத் தூங்கிப்போகும் ஆட்டோ ஸ்டாண்ட்பையை அணைத்துவிடுங்கள். தொடங்கும் முன் இரண்டு நிமிடம் எடுத்து, இரண்டு பக்க ஒலியும் வருகிறதா, உதட்டசைவும் பேச்சும் சேர்கின்றனவா என்று பாருங்கள்.

திரையில் திடீரென்று ஒரு நீள எண் தோன்றி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் பெட்டியின் அல்லது கார்டின் எண், மஞ்சள் ஒயரிலும் எச்டிஎம்ஐயிலும் எடுத்த பதிவில் அதுவும் இருக்கும். வீட்டுக்குள் பார்ப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. சேனலின் நிகழ்ச்சியை யூடியூபில் ஏற்றினால் அந்த எண்ணை வைத்தே யார் என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, ஏற்கெனவே பெண்டிரைவில் பூட்டிக் கிடக்கும் பதிவுகளை வைத்திருப்பவர்களுக்கு. பழைய பெட்டியை மாற்ற ஆள் வருவதாகச் சொன்னால் ஒரு வாரம் தவணை கேளுங்கள். அந்தப் பதிவுகளைப் பெட்டியிலேயே ஓடவிட்டு, ஏவி அவுட்டில் மஞ்சள் ஒயரை மாட்டிக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. முக்கியமானதை முதலில் ஓடவிடுங்கள்.