லேப்டாப்பில் 3டி படம்: சிவப்பு-நீலமா, ஷட்டரா, போலரைஸ்டா?

3டி படத்தின் ஃபைல் ஒன்றை லேப்டாப்பில் முதன்முதலாகத் திறந்தபோது, ஒரே காட்சி பக்கத்துப் பக்கத்தில் இரண்டாக, ஒல்லியாக நசுங்கி நின்றது. இடது பாதி இடக்கண்ணுக்கு, வலது பாதி வலக்கண்ணுக்கு. இரண்டையும் பிரித்து, உரிய கண்ணுக்கு மட்டும் போய்ச் சேரும்படி செய்வதுதான் கண்ணாடியின் வேலை. இதற்கு மூன்று வகைக் கண்ணாடிகள் இருக்கின்றன. மூன்றிலும் படம் பார்த்துவிட்டு, கடைசியில் போலரைஸ்டு திரை கொண்ட பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினேன். இரண்டு வருடமாக அதில்தான் பார்க்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் சிவப்பு-நீலக் கண்ணாடி. நீலம் என்று சொன்னாலும் அது சயான், அதாவது பச்சையும் நீலமும் சேர்ந்த நிறம். சிவப்பு இடக்கண்ணில், சயான் வலக்கண்ணில். அனாகிளிஃப் என்னும் இந்த முறையை வில்ஹெல்ம் ரோல்மன் 1853-லேயே விவரித்துவிட்டார். எந்தத் திரையானாலும் போதும், தனி வன்பொருள் எதுவும் வேண்டாம். விஎல்சி பிளேயரிலேயே பக்கவாட்டு ஃபைலை இப்படி மாற்றிக் காட்டும் வசதி உண்டு. இன்று மாலையே 3டி என்றால் என்னவென்று பார்த்துவிட வேண்டும் என்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நிறம் போய்விடும். சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் திரையில் வந்தால், இடக்கண்ணுக்கு அது பளிச்சென்றும் வலக்கண்ணுக்குக் கறுப்பாகவும் தெரியும். இரண்டையும் ஒன்றாக்க முடியாமல் மூளை தடுமாறும்போது அந்தச் சட்டை மினுமினுக்க ஆரம்பிக்கிறது. எரிக் டுபுவா 2001-இல் வெளியிட்ட கணக்கீட்டு முறை இந்த மினுமினுப்பை நன்றாகவே குறைக்கிறது. பிளேயரில் டுபுவா என்று ஒரு தெரிவு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே போடுங்கள். அப்போதும் சிவப்பு சிவப்பாக இராது. எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் விதிவிலக்கு. இழக்க அதில் நிறமே இல்லாததால் ஆழம் மட்டும் அழகாக வந்து நிற்கும். இரு கண்ணுக்கும் தனித்தனியாக எடுத்த பழைய ஸ்டீரியோ புகைப்படங்களை இன்றும் இந்தக் கண்ணாடியில்தான் பார்க்கிறேன்.

அடுத்தது ஷட்டர் கண்ணாடி. திரை விநாடிக்கு 120 முறை மாறும், இடக்கண் காட்சியும் வலக்கண் காட்சியும் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும். கண்ணாடியில் உள்ள எல்சிடி வில்லைகள் அதே தாளத்தில் மாறி மாறி மூடித் திறக்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் 60 காட்சிகள், ஒவ்வொன்றும் முழுத் தெளிவில். இதை நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் இரண்டு படம் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் அனுபவம். அந்த இரண்டு படத்தில் தெளிவு என்னை அசத்தியது என்பது உண்மை. முடி இழை, இலை நரம்பு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தபோது மட்டும் பக்கத்தில் மெல்லிய இரட்டை நிழல் விழுந்தது. ஒரு கண்ணுக்கான காட்சி திரையிலிருந்து முழுக்க மறைவதற்குள் அடுத்த கண்ணின் ஷட்டர் திறந்துவிட்டால் இப்படி ஆகும்.

தெளிவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் ஷட்டர்தான் ஜெயிக்கும். ஆனாலும் அதை நான் வாங்கவில்லை. என்னைத் தடுத்தது பராமரிப்பு. கண்ணாடியைத் துடைத்து வைப்பதைச் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்தும் இது ஓடுமா என்ற கேள்வியைச் சொல்கிறேன்.

ஷட்டர் முறையில் திரை, கிராஃபிக்ஸ் அட்டை, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் சிறு பெட்டி, சார்ஜ் செய்ய வேண்டிய கண்ணாடி என்று ஐந்தும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். ஒன்று மக்கர் செய்தாலும் படம் இல்லை. லேப்டாப் உலகில் இந்த முறையைப் பரவலாக்கியது என்விடியாவின் 3டி விஷன், 2009-இல் வந்தது. 2019 ஏப்ரலில் அதற்கான டிரைவர் ஆதரவு முடிந்தது. 418 வரிசை டிரைவர்தான் கடைசி. அதற்கு மேல் புதுப்பித்தால் 3டி கிடையாது, புதுப்பிக்காமல் இருந்தால் அதற்குப் பின் வந்த கிராஃபிக்ஸ் அட்டைகளோடு ஒத்துப்போகாது. 'என் லேப்டாப் திரை 144 ஹெர்ட்ஸ் ஆயிற்றே, விநாடிக்கு 144 முறை மாறுமே, கண்ணாடி மட்டும் வாங்கினால் போதாதா?' என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. எந்தக் கணத்தில் எந்தக் கண்ணை மூட வேண்டும் என்று கண்ணாடிக்குச் சொல்வது டிரைவர்தான். சொல்ல ஆளில்லாவிட்டால் திரை எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை.

போலரைஸ்டு முறையில் இந்தச் சங்கிலியே கிடையாது. திரைக்கு மேல் ஒரு படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. திரையின் ஒற்றைப்படை பிக்சல் வரிகளின் ஒளி ஒரு விதமாகவும் இரட்டைப்படை வரிகளின் ஒளி வேறு விதமாகவும் போலரைஸ் ஆகி, அதாவது ஒளி அலை குறிப்பிட்ட ஒரு விதத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டப்பட்டு, வெளிவரும். கண்ணாடியின் ஒரு வில்லை ஒரு விதத்தை விடும், மற்றது அடுத்ததை விடும். மின்சாரமும் இல்லை, தாளமும் இல்லை. பிளேயர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடக்கண் காட்சியின் வரிகளையும் வலக்கண் காட்சியின் வரிகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்ன வேண்டும். இந்தப் பின்னலை பினோ, கோடி என்னும் பிளேயர்கள் செய்கின்றன, வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் கூடச் செய்கிறது. என் லேப்டாப்போடு வந்த 3டி மென்பொருளை நான் இப்போது திறப்பதே இல்லை. இயங்குதளத்தையே மாற்றினேன், 3டி பழையபடி ஓடியது. திரைக்கு மேல் உள்ள படலத்துக்கு அப்டேட் என்று ஒன்று இல்லையே!

பின்னிய படத்தை அப்படியே புது ஃபைலாகச் சேமித்து வைக்க ஆசை வரும். வேண்டாம். வழக்கமான வீடியோ ஃபைல்கள் அடுத்தடுத்த இரண்டு வரிகளுக்கு ஒரே நிறத் தகவலைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அப்படியானால் இரண்டு கண்ணின் நிறமும் கலந்துவிடும். பார்க்கும்போதே பிளேயர் பின்னுவதுதான் சரி.

சில பழக்கங்கள் தேவை. திரையின் இயல்பான ரெசல்யூஷனில், முழுத்திரையில்தான் பார்க்க வேண்டும். படம் கொஞ்சம் சுருங்கினாலும் வரிகள் குழம்பி இரண்டு கண்ணிலும் இரண்டும் தெரியும். சிறு சன்னலில் ஓடவிட்டு, அது ஒரே ஒரு பிக்சல் கீழே நகர்ந்தால் கண்கள் இடம் மாறி, முன்னால் இருப்பது பின்னால் போய்விடும். மேலும் கீழுமான பார்வைக் கோணம் குறுகியது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் லேப்டாப்புக்கு டிவியை விட வசதி அதிகம். மூடியைக் கொஞ்சம் சாய்த்தால் இரட்டை நிழல் மறையும் இடம் கிடைத்துவிடும். நான் கீலில் பென்சிலால் ஒரு கோடே போட்டு வைத்திருக்கிறேன்.

கண்ணாடி தொலைந்தால் என்ன செய்வது? போலரைஸ் ஆன ஒளி அலை சுழன்றபடி வந்தால் வட்ட வகை, ஒரே நேர்கோட்டில் அதிர்ந்தால் நேர்கோட்டு வகை. வட்டப் போலரைசேஷன் திரையாக இருந்தால், ரியல்டி வகைத் தியேட்டர் கண்ணாடி பெரும்பாலும் பொருந்தும். நேர்கோட்டு வகைத் திரைக்குப் பொருந்தாது. கையில் இருப்பது எந்த வகை என்று அறிய, அதைப் போட்டுக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் வில்லை கறுப்பாகத் தெரிந்தால் அது வட்ட வகை. மூடிய கண்ணின் வில்லை கறுப்பாகத் தெரிந்தால் நேர்கோட்டு வகை. நேர்கோட்டு வகை என்றால் தலையைச் சாய்க்காமல் பார்க்க வேண்டும், சாய்த்தால் நிழல் விழும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கண்ணுக்கும் பாதி வரிகள்தான். 1080 வரித் திரையில் 540. பழைய லேப்டாப்களில் 1366×768 திரை சாதாரணம், அதில் கண்ணுக்கு 384 வரிகள்தான் மிஞ்சும். சப்டைட்டிலில் இது உடனே தெரியும். மெல்லிய எழுத்தின் படுக்கைக் கோடுகள் ஒரு கண்ணில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போகும். எழுத்தைப் பெரிதாக, தடிமனாக வைத்தால் தீரும். வெளிச்சமும் குறையும் என்பதால் அறை விளக்கை அணைத்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, இந்த வகை லேப்டாப் இப்போது கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை என்பது. 2009-ஐ ஒட்டி ஏசர் போன்ற நிறுவனங்கள் கொண்டுவந்தவைதான் கைமாறி வருகின்றன. டிவியிலும் இதே கதை. எல்ஜியும் சோனியும் 2017-இல் 3டியைக் கைவிட்டன. திரை உடைந்தால் சாதாரணத் திரையை மாட்டி லேப்டாப்பைக் காப்பாற்றலாம், 3டியைக் காப்பாற்ற முடியாது. ஆகவே வாங்கும்போது பேட்டரியை விடத் திரையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஆழமான கீறல் விழுந்த திரையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எந்தக் கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாத ஒன்றும் உண்டு. 15.6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 34.5 செ.மீ. திரையோடு சேர்ந்து இரு கண் காட்சிகளுக்கு இடையிலான விலகலும் சுருங்கிவிடும். தியேட்டரில் அடிவானம் வரை போன ஆழம் இங்கே ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கியதுபோல் இருக்கும். தியேட்டர் பிரமாண்டம் வேண்டுவோர் தலையில் மாட்டும் விஆர் கருவியைத்தான் பார்க்க வேண்டும். அதில் முழுப் படம் எதையும் நான் பார்த்ததில்லை என்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என் பக்கத்தில் மகளும் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காரலாம் என்பது எனக்கு முக்கியம்.

போலரைஸ்டு திரை கைக்கு வந்துவிட்டால் ஃபைலைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். பாதி அகலத்துக்குச் சுருக்கிய பக்கவாட்டு ஃபைலில் ஒவ்வொரு கண்ணுக்கும் 960×1080 இருக்கும். திரை அதில் பாதி வரிகளைத்தான் காட்டும் என்பதால் 960×540 தான் மிச்சம். இரு காட்சிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் மேல்-கீழ் ஃபைலில் ஒவ்வொரு கண்ணுக்கும் 1920×540. முழு எச்டி திரை என்றால் வரிக்கு வரி அப்படியே பொருந்தும், ஒன்றும் வீணாகாது. இரண்டும் கிடைத்தால் மேல்-கீழ் ஃபைலையே எடுங்கள். பிளேயரில் உள்ளீட்டு வகையை அதற்கேற்ப மாற்றிவிட்டு, இரண்டு கண்ணாடியை எடுத்து வையுங்கள்.